போக 10 மணி நேரம், வர 12 மணி நேரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை கிடைத்ததும், வரும் ஜனவரியில் டோக்கியோவிலிருந்து நீயே போய்ப் பார்க்கப் போவதும் எனக்குப் பெரிய சந்தோஷம். நான் நலம். கண் அறுவைக்குப் பிறகு நன்றாகப் படிக்க முடிகிறது.

தூரம் ஒன்றுதான், போக 10 மணி நேரம், திரும்பிவர 12 மணி நேரம் ஏன் என்று கேட்டிருந்தாய். பூமி சுற்றுவதால் என்று உன் மைத்துனர் சொன்னது சரியில்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, விமானம் அதற்குள்தானே பறக்கிறது? காரணம் காற்றுதான். விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், 9 முதல் 12 கிலோமீட்டர் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு.

இதை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் வாசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை. 1944இல் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறின. அப்புறம்தான் அதன் பலம் எல்லோருக்கும் உறைத்தது. எவ்வளவு அருமையான உழைப்பு, நினைத்தால் மனசு கனக்கிறது.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். தூரம் சுமார் 8,800 கி.மீ. காற்றே இல்லாமல் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போனால் 9 மணி 47 நிமிடம். வழி நெடுக சராசரியாக 100 கி.மீ. காற்று பின்னால் தள்ளினால் 8 மணி 48 நிமிடம், எதிர்த்தால் 11 மணி. போகும்போது மிச்சமாவதைவிட வரும்போது இழப்பது அதிகம், பார்த்தாயா? எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இதற்கு மேல்.

இருக்கைத் திரையில் பாதை வடக்கே வளைவதைப் பார்த்துச் சுற்றிப் போகிறார்கள் என்று நினைக்காதே. இரண்டு நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருந்தாலும், அந்த ரேகையைப் பிடித்தே நேர்கிழக்காகப் போனால் சுமார் 500 கி.மீ. கூடுதல். உருண்டையில் வளைவுதான் குறுக்குவழி. திரும்பும்போது காற்றுக்கு ஒதுங்கி இன்னும் வடக்கே போவதும் உண்டு.

ஜனவரியில் அங்கே நேரம் டோக்கியோவைவிட 17 மணி பின்னால் இருப்பதால், மாலை 5 மணிக்குக் கிளம்பினால் அங்கே அதே நாள் காலை 10 மணிவாக்கில் இறங்குவாய். மகளிடம் தேதியைத் தெளிவாகச் சொல்லிவிடு. திரும்பும்போது நண்பகலில் ஏறினால் டோக்கியோவில் மறுநாள் மாலை ஆகிவிடும். அன்றைக்கு வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதே. போய்ச் சேர்ந்ததும் எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்