ஒரே ஓடை, இரண்டு படங்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். டாக்டர் சொல்லும்வரை தூரிகையைத் தொடாதே. உன்னைத் தெரிந்ததால் சொல்கிறேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மகன் வீட்டில் மாடிப்படி வேறு அதிகம்.

போன மாதம் பேத்தி என்னை நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். ஹட்சன் நதிப் பள்ளத்தாக்கை வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்களின் படங்கள் அங்கே இருக்கின்றன. நீ ஆறும் கரையுமாக வரைந்து தள்ளுகிறவன் ஆயிற்றே, உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் தாமஸ் கோல். 1801-ல் இங்கிலாந்தில், லங்காஷயரில் பிறந்தவர். 1818-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். 1825-ல் ஹட்சன் வழியே வடக்கே போய்க் கேட்ஸ்கில் மலைகளைப் பார்த்துவிட்டு வந்து வரைந்த மூன்று படங்களை வாங்கியவர்கள் மூவருமே ஓவியர்கள். அவர்களில் ஒருவரான ஆஷர் டுராண்ட் அப்போது செதுக்கோவியர், அதாவது உலோகத் தகட்டில் படம் செதுக்கி அச்செடுப்பவர். பிற்பாடு தானும் இயற்கைக் காட்சிகளுக்கு வந்துவிட்டார். சக ஓவியன் காசு கொடுத்து வாங்குவதைவிடப் பெரிய பாராட்டு உண்டா, சொல்.

ஆனால் இவர்கள் காட்டியது போல அந்தப் பள்ளத்தாக்கு ஒன்றும் ஆள் அரவமற்ற காடு இல்லை. 1825-லேயே ஹட்சனை மேற்கே உள்ள ஈரி ஏரியோடு இணைக்கும் ஈரி கால்வாய் திறந்து, ஹட்சனில் சரக்குப் போக்குவரத்து பெருகத் தொடங்கிவிட்டது. மலையில் ஹெம்லாக் மரங்களை வெட்டிப் பட்டையை உரித்துத் தோல் பதனிட்டுக்கொண்டிருந்தார்கள். காட்டர்ஸ்கில் அருவிக்குச் சுற்றுலாக்காரர்கள் வந்துபோனார்கள். கோல் 1826-ல் அந்த அருவியை வரைந்தபோது கைப்பிடிக் கம்பிகளையெல்லாம் விட்டுவிட்டு, ஒற்றைச் செவ்விந்தியரை மட்டும் நிற்கவைத்தார். அழகான பொய்தான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு படம். கேட்ஸ்கில் ஊரில் குடியேறிய கோல், வீட்டருகே ஓடும் ஓடையை 1836–37-ல் இலையுதிர்காலத் தொடக்கக் காட்சியாக வரைந்தது. ஒரு தாய் குழந்தைக்குப் பூ நீட்டுகிறாள், ஒருவன் குதிரைகளை விரட்டிக்கொண்டு ஓடுகிறான், ஓரங்களில் ஓங்கிய மரங்கள். அந்த வேளையில் அங்கே ரயில்பாதைக்காக மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோல் கொதித்துப்போய்த் தன் புரவலர் லூமன் ரீடுக்குக் கடிதமே எழுதினார். ஆக, படத்தில் இருப்பது வெட்டுக்கு முந்தைய ஓடை.

1843-ல் அதே ஓடையை மறுபடி வரைந்தார். இந்தப் படம் பாஸ்டனில் இருக்கிறது, நான் கணினியில்தான் பார்த்தேன். மலை அதே மலை. முன்னால் கோடரியோடு ஒருவன், சுற்றிலும் அடிக்கட்டைகள். தூரத்தில் பாலத்தின் மேல் குட்டியாக ஒரு ரயில். கோபத்தைக் கொட்டாமல் மரங்களை மட்டும் எடுத்துவிட்டார். அருவிப் படத்தில் ஒளித்ததற்கெல்லாம் சேர்த்து இங்கே உண்மையைச் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. ரீட் மளிகை மொத்த வியாபாரி. ஹட்சனில் வந்து இறங்கிய சரக்கில் சம்பாதித்தவர். முதல் படத்தை வாங்கிய ஜொனாதன் ஸ்டர்ஜஸ் அவருடைய கூட்டாளி. பின்னாளில் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயைத் தொடங்கியவர்களில் ஒருவர்! 1848-ல் கோல் 47 வயதில் இறந்தபோது, அவர் நினைவாக டுராண்டை ஒரு படம் வரையச் சொன்னவரும் இதே ஸ்டர்ஜஸ்தான். மனுஷனுக்கு ரசனை இல்லை என்று சொல்ல முடியாது.

கோலின் மாணவர் பிரெடெரிக் சர்ச் இன்னும் பெரிய கை. 1859-ல் ஆண்டீஸ் மலைக் காட்சி ஒன்றை வரைந்து, 25 சென்ட் டிக்கெட் வைத்துக் காட்டினார். 12,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். ஓபரா கண்ணாடி, அதுதான் நாடகம் பார்க்கிற சின்ன இரட்டைத் தொலைநோக்கி, கொண்டுவந்து இலை இலையாகப் பார்த்தார்களாம். எனக்கு அந்த மினுமினுப்பு கொஞ்சம் திகட்டுகிறது, உனக்குப் பிடிக்கலாம்.

கோலின் இரண்டு படங்களையும் பேத்தியிடம் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன். கண் ஆறியதும் பார். நீயாக இருந்தால் அந்த ரயிலை வரைந்திருப்பாயா? பதில் எழுது.

அன்புடன்,
கணேசன்