வால்தம்லேர்ந்து தாத்தாவுக்கு: 1970 ஸ்ட்ரைக் பேப்பர் பத்தி

தாத்தா, எப்படி இருக்கீங்க, முட்டி வலி கொறஞ்சுதா? வாட்ஸப்ல படிச்சா கண்ணு கூசுதுன்னு சொன்னீங்கல்ல, அதான் லெட்டர் மாதிரி நீளமா டைப் பண்ணி சித்திக்கு அனுப்பியிருக்கேன், பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துக் குடுப்பாங்க.

இங்க அமெரிக்கால, மாசசூசெட்ஸ் மாநிலத்துல, குளிர் ஒருவழியா விட்டுச்சு. ஏப்ரல் முடியப் போகுது, இப்பதான் மரத்துல இலையே எட்டிப் பாக்குது, வெயில் லேசா அடிச்சா போதும் இந்த ஊரு பசங்க டவுசர் போட்டுக்கிட்டு புல்லுல மல்லாந்துடுறாங்க, நான் இன்னும் ஸ்வெட்டர விடல. ஒரு தெலுங்குப் பொண்ணு, ரெண்டு சைனாக்காரங்க, நானு, ஒரே வீட்டுல இருக்கோம். வாடகை எவ்ளோன்னு நீங்க கேக்காதீங்க, நானும் சொல்லல. மூடி ஸ்ட்ரீட்ல நம்மூர் சாமான் விக்கிற கடை இருக்கு, உளுந்து, புளி, காபித்தூள் எல்லாம் கிடைக்குது, அதனால அப்பளம் தவிர எதையும் பார்சல் பண்ண வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க.

சரி, உங்களுக்குன்னே எழுத வேண்டிய விஷயத்துக்கு வரேன். லைப்ரரில பார்ட் டைம் வேலை பாக்குறேன்னு சொன்னேன்ல, விசா ரூல்படி செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரத்துக்கு மேல செய்யக்கூடாது, அதுக்குள்ள பழைய பேப்பர் பெட்டிகள எடுத்து துருப்பிடிச்ச கிளிப்ப கழட்டி புது ஃபோல்டர்ல போடுற வேலை. இந்த பிராண்டைஸ் யூனிவர்சிட்டில 1970 மே மாசம் நேஷனல் ஸ்ட்ரைக் இன்ஃபர்மேஷன் சென்டர்னு பசங்களே சேந்து ஒண்ணு நடத்தியிருக்காங்க, அந்த பேப்பர்ல கொஞ்சம் என் கைக்கு வந்துச்சு. எல்லாம் நீங்க சொல்ற அதே சைக்ளோஸ்டைல், ஸ்டென்சில் வெட்டி மை தடவி நகல் எடுக்குறது தாத்தா! ஒரு பக்கம் மை தீஞ்ச மாதிரி கருப்பு, மறுபக்கம் எழுத்தே தெரியல, ஸ்டென்சில்ல தப்பா அடிச்ச எழுத்து மேலயே திரும்ப அடிச்சிருக்கு. எந்த மாநிலம், எந்த காலேஜ், மூடியாச்சா, வோட்டெடுப்பு நடக்குதா, போலீஸ் உள்ள வந்துச்சா, இப்படி வரிசையா. பேச்சு, கவிதை, வீராவேசம் எதையாச்சும் எதிர்பாத்துதான் பெட்டியத் தொறந்தேன், உள்ள இருந்தது ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கு. ஆனா படிக்கப் படிக்க கீழ வைக்க மனசே வரல.

கதை தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். ஏப்ரல் 30 ராத்திரி அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் டிவில வந்து கம்போடியாக்குள்ள படை போகுதுன்னு அறிவிச்சாரு. வியட்நாம் சண்டைய முடிக்கிறேன்னு சொல்லி ஜெயிச்ச ஆளு. அடுத்த நாள் நியூ ஹேவன்ல, யேல் யூனிவர்சிட்டி பக்கத்துல, பிளாக் பேந்தர்ஸ்ங்கற கருப்பினத்தவங்க கட்சி ஆளுங்க மேல நடந்த கேஸுக்காக ஏற்கனவே பெரிய கூட்டம் கூடியிருந்துச்சு, அங்கதான் நாடு முழுக்க மாணவர் ஸ்ட்ரைக்னு முடிவாச்சு. மூணு கோரிக்கை: அந்தக் கட்சித் தலைவர் பாபி சீலையும் மத்த பேந்தர்ஸையும் விடணும், தென்கிழக்கு ஆசியாவ விட்டு படை வெளிய வரணும், யூனிவர்சிட்டிங்க ராணுவத்துக்கு ஆராய்ச்சி பண்றதையும் ஆபீசர் பயிற்சி குடுக்குறதையும் நிறுத்தணும். முடிவு எடுத்தாச்சு, அத யாரு எல்லா காலேஜுக்கும் சொல்றது? அதுக்குத்தான் இங்க சோஷியாலஜி டிபார்ட்மென்ட் இருந்த பேர்ல்மேன் ஹால்ல போன வச்சு உக்காந்தாங்க. மே 4 மத்தியானம் ஒஹையோல கென்ட் ஸ்டேட் யூனிவர்சிட்டில நேஷனல் கார்டுங்கற மாநிலப் படை ஆளுங்க சுட்டாங்க, 13 செகண்ட்ல 67 குண்டு, 4 பேர் செத்தாங்க, 9 பேருக்குக் காயம், செத்தவங்கள்ல ரெண்டு பேர் போராட்டத்துலயே இல்ல. அதுக்கப்புறம் 450க்கு மேல கேம்பஸ் மூடுச்சு, ஸ்ட்ரைக்ல இறங்குன மாணவர்கள் 40 லட்சம்னு கணக்கு சொல்றாங்க.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, போன எடுத்தவங்க யாரும் தலைவரா இல்ல, யாருக்கும் ஆர்டர் போடல. வர்ற சேதிய எழுதிக்கிட்டு, அத அடுத்த காலேஜுக்குச் சொல்லி, அவ்ளோதான். கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா கென்ட் ஸ்டேட் அன்னிக்கு ஆரம்பத்துல கார்டு ஆளுங்கதான் செத்துட்டாங்கன்னு நியூஸ் ஓடுச்சு, உள்ளூர் பேப்பர் ஒண்ணு அத தலைப்பாவே போட்டுருச்சு! அந்த மாதிரி நாள்ல ஒரு பொண்ணு பேடும் பேனாவுமா போன் முன்னாடி உக்காந்து "நீ பாத்தியா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா"ன்னு கேட்டிருந்தா, அவதான் என் கணக்குல மேடைல மைக் புடிச்சவன விட பெரிய ஆளு.

இந்தப் போன் பழக்கம் திடீர்னு வந்ததும் இல்ல. 1965 மார்ச் 24, மிச்சிகன் யூனிவர்சிட்டி வாத்தியாருங்க சில பேர் ஒருநாள் கிளாஸ நிறுத்தப் போறோம்னு கிளம்புனாங்க, அரசாங்கப் பக்கம் கத்தல் வந்ததும் கிளாஸ நிறுத்தாம ராத்திரி முழுக்க வியட்நாம் பத்தி பாடம் நடத்துறோம்னு மாத்துனாங்க, டீச்-இன்னு பேரு. அப்பெல்லாம் இங்கயே லேடீஸ் ஹாஸ்டலுக்கு ராத்திரி இத்தன மணிக்குள்ள வந்துடணும்னு கட்டுப்பாடு இருந்திருக்கு தாத்தா, அன்னிக்கு மட்டும் பொண்ணுங்களுக்கு விடியவிடிய இருக்க பர்மிஷன். (அமெரிக்கான்னா அவுத்துவிட்ட மாதிரின்னு பெரியத்தை சொல்வாங்கல்ல, அவங்களுக்கு இத படிச்சுக் காட்டுங்க.) நடுவுல பாம் மிரட்டல் வேற, கூட்டம் குளிருல வெளிய நின்னுச்சு. ரெண்டு நாள்ல கொலம்பியா யூனிவர்சிட்டில, அப்புறம் ஒவ்வொண்ணா. மே 15 வாஷிங்டன்ல நடந்த டீச்-இன்ன போன் லைன் இழுத்து 100க்கு மேல கேம்பஸ்ல ஒலிபெருக்கில கேட்டாங்க. அரசாங்கம் சார்பா பேச வரவேண்டிய, ஜனாதிபதியோட பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டிய கடைசி நேரத்துல டொமினிக்கன் ரிபப்ளிக்குக்கு அனுப்பிட்டாங்க.

தபால்ல ஓடுன நெட்வொர்க்கும் இருந்துச்சு. லிபரேஷன் நியூஸ் சர்வீஸ்னு 1967ல ரெண்டு பசங்க ஆரம்பிச்சது, கட்டுரை படம் எல்லாம் ஒரே கவர்ல போட்டு நூத்துக்கணக்கான சின்னப் பத்திரிகைக்கு அனுப்புவாங்க. அடுத்த வருஷமே ரெண்டா உடைஞ்சு, ஒரு கோஷ்டி பிரிண்டிங் மெஷினையே ராவோட ராவா லாரில ஏத்திக்கிட்டு இதே மாநிலத்துல மான்டேக்னு ஒரு ஊருல பண்ணைக்குப் போயிருச்சு. நம்மூர் கட்சி ஆபீஸ் சண்டை தோத்துச்சு.

இவ்ளோ புகழ்றேனே, ஒண்ணு மட்டும் உறுத்துது. 1970 மே 15 அதிகாலைல மிசிசிப்பில ஜாக்சன் ஸ்டேட், கருப்பினப் பிள்ளைங்க படிக்கிற காலேஜ், போலீஸ் லேடீஸ் ஹாஸ்டலப் பாத்து 400க்கு மேல குண்டு சுட்டு 2 பேர் செத்தாங்க, அதுல ஒருத்தன் ஸ்கூல் பையன். கென்ட் ஸ்டேட்டுக்கு எழுந்த நாடு இதுக்கு அப்படி எழல. 1968 பிப்ரவரில சவுத் கரோலினால ஆரஞ்ச்பர்க்ங்கற ஊருல கருப்பினப் பிள்ளைங்க 3 பேர போலீஸ் சுட்டப்ப இன்னும் மோசம், வெளிய பல பேருக்குத் தெரியவே இல்ல. நியூ ஹேவன்ல போட்ட மூணு கோரிக்கைல முதல்ல இருந்த பேந்தர்ஸ் விஷயத்தையும் பல கேம்பஸ் சத்தமில்லாம விட்டுட்டு கம்போடியாவ மட்டும் வச்சுக்கிச்சு. போன் லைன் எல்லாத்துக்கும்தான் போகுது, யாரு அழுதா எடுக்குறோம்ங்கறது வேற.

சென்டர் நல்லபடியா முடியவும் இல்ல. 1970 செப்டம்பர்லயே, அங்க வேலை பாத்த ரெண்டு மாணவிங்க சம்பந்தப்பட்ட பாங்க் கொள்ளைல ஒரு போலீஸ்காரர் செத்தாரு, அவருக்கு 9 பிள்ளைங்க. அதுக்கப்புறம் சென்டர் பேரச் சொன்னா இந்த ஊருல பெரியவங்களுக்கு அதுதான் ஞாபகம் வருது. நியாயம்தான், ஆனா ராத்திரி முழுக்க போன் எடுத்த மத்த பிள்ளைங்களும் அதோட சேந்து காணாமப் போயிட்டாங்கன்னு எனக்கு வருத்தம்.

பயப்படாதீங்க, நான் எந்தக் கூட்டத்துக்கும் போறதில்ல. விசால இருக்குற எங்க எல்லாருக்கும் இப்ப ஃபேஸ்புக்ல ஒரு லைக் போடவே கை யோசிக்குது, சோஷியல் மீடியாவையும் பாத்துதான் விசா குடுக்குறாங்க. 1970ல சேதி போக வழி தேடுனாங்க, இப்ப சேதி கைக்குள்ளயே இருக்கு, வாயத் தொறக்கத்தான் பயம். இது வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.

இப்ப கேள்வி. மிச்சிகன்ல டீச்-இன் நடக்குறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 1965 ஜனவரி 25, மதுரைல ஹிந்தி எதிர்ப்பு ஊர்வலத்துல நீங்க இருந்தீங்க. திருச்சி பஸ் கண்டக்டர்கிட்ட நோட்டீஸ் கட்டக் குடுத்து விட்டோம்னு நூறு தடவ சொல்லியிருக்கீங்க, நாங்க சிரிப்போம். இப்ப சிரிக்கல. அந்தப் பக்கம் யாரு வாங்குனா, அண்ணாமலை யூனிவர்சிட்டில சுட்டாங்கன்னு சேதி வந்தப்ப அது நெசம்னு எப்படி உறுதி பண்ணீங்க, உங்க ரூம்ல யாரு ஸ்டென்சில் வெட்டுனா, பேரோட சொல்லுங்க. எழுத வேணாம், கை வலிக்கும், சாயங்காலம் சித்தி போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புவாங்க. பிரஷர் மாத்திரைய மட்டும் மறக்காதீங்க.

உங்க பேத்தி