சூரை மீனில் சினை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெரம்பூர் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் நம்ம கடையைப் பற்றி ஒரு வீடியோ சுற்றுவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நம்மிடம் வாங்கிய சூரையின் வயிற்றிலிருந்து நீளமாக இரண்டு மஞ்சள் சினைகளை எடுத்துக் காட்டி, "தடைக்காலம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் சினை இருக்குன்னா, இது அப்பவே பிடிச்சு ஐஸில் போட்டு வெச்ச பழைய மீன்" என்கிறார் அந்த அண்ணன். விலை அதிகம் என்று திட்டினால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வோம். விடியுமுன் காசிமேட்டு ஏலத்தில் நின்று எடுத்து வரும் மீனைப் பழையது என்றால் எப்படிச் சும்மா இருப்பது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது விசைப்படகுகளுக்கு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று சொல்லித்தான் அந்தத் தடை வருகிறது. அதனால் எல்லா மீனும் அந்த இரண்டு மாதத்திலேயே முட்டை போட்டு முடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சூரைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்கு வேண்டியது வெதுவெதுப்பான நீர். கடலின் மேல்பரப்பு 24 டிகிரிக்கு மேல் இருந்தால் மஞ்சள் துடுப்புச் சூரை முட்டையிடும். நம்ம பக்கத்துக் கடல் எந்த மாதத்தில் அதற்குக் கீழே போகிறது? வெப்பமண்டலக் கடல்களில் வரிச்சூரையும் வருஷம் முழுக்க முட்டையிடுகிறது. சில மாதங்களில் கூடும், சில மாதங்களில் குறையும், அவ்வளவுதான்.

சூரை குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட இடத்தில்தான் முட்டையிடும் என்று அந்த அண்ணன் இணையத்தில் படித்ததாகச் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அது வேறு சூரை. நீலத்துடுப்புச் சூரைதான் இடமும் காலமும் பார்த்து முட்டையிடும். அட்லாண்டிக்கில் இருப்பவை மெக்சிகோ வளைகுடாவுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் போகும். தென்கடல் வகையோ ஜாவாவுக்கும் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கும் நடுவே உள்ள ஒரே கடற்பகுதியில், செப்டம்பரிலிருந்து ஏப்ரலுக்குள். ஜப்பான்காரர்கள் ஏலத்தில் கோடிகளைக் கொட்டும் மீன் அது. அதை நம்ம கடையில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, சூரை மொத்தச் சினையையும் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதில்லை. தவணை தவணையாக விடும். மஞ்சள் துடுப்புச் சூரை முட்டையிடத் தொடங்கிவிட்டால் கிட்டத்தட்ட தினமும், பெரும்பாலும் இரவில், லட்சக்கணக்கில் முட்டை விடும். பெரிய மீன் என்றால் ஒரு தவணைக்கே பத்து லட்சத்தைத் தாண்டும். ஆண் மீன் விந்தை விட, கருத்தரிப்பு தண்ணீரிலேயே நடக்கிறது. முட்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இருப்பதால் மிதக்கும், ஒரு நாள் போல ஆனால் பொரிந்துவிடும். தாயும் தகப்பனும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு தவணை போனதும் அடுத்தது உள்ளே முதிர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் ஆகஸ்டில் அறுத்தாலும் சினை, டிசம்பரில் அறுத்தாலும் சினை.

'இத்தனூண்டு மீனுக்குச் சினையா?' என்றும் கேட்டிருக்கிறார்கள். வீடியோவில் இருப்பது வரிச்சூரை; வயிற்றில் ஓடும் கோடுகளைப் பாருங்கள். அது 40 சென்டிமீட்டர் வளர்ந்தாலே பருவத்துக்கு வந்துவிடும். மஞ்சள் துடுப்பு வகைதான் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை காத்திருக்கும்.

பழைய மீனில் முதலில் கெடுவது வயிறு. சினையை எடுக்கும்போதே தோல் கிழிந்து கையோடு குழைந்து வரும். வீடியோவை நிறுத்திப் பாருங்கள்: தோல் இறுக்கமாக, மேலே ரத்தக் குழாய்கள் செக்கச் செவேலென்று, அழுத்தினால் ரவை மாதிரி நெறுநெறுப்பு. நம்ம மீனுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அந்த வகையில் அண்ணனுக்கு நன்றிதான்.

வாங்கும்போதே ஏன் சொல்லவில்லை என்றால், சூரை ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அறுத்தால்தான் தெரியும்.

வீடியோ வந்த அன்றைக்கே கடைக்கு வந்து, "நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வழக்கத்தைவிட ஒரு கிலோ அதிகமாக வாங்கிப்போன பழைய வாடிக்கையாளர்களை நாங்கள் மறக்க மாட்டோம். வஞ்சிரம் இல்லாத நாளில்கூட முகம் சுளிக்காமல் "சரி, இருக்கறதைக் கொடுங்க" என்பவர்கள் நீங்கள். குழுவில் எங்களுக்காகப் பரிந்து பேசி வாங்கிக் கட்டிக்கொண்ட அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அப்புறம், ஐஸ், டீசல் செலவால் ஒன்றாம் தேதி முதல் சூரை கிலோவுக்கு 40 ரூபாய் கூடுகிறது. எடை எப்போதும் போல அறுப்பதற்கு முன்புதான்.

சினை வேண்டாதவர்கள் அறுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டு வறுக்க அதை மட்டும் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எடுத்து வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்