எலி மூக்கைப் பற்றி அக்காவுக்கு

ஹைடெல்பெர்க்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். இங்கே குளிர் வந்துவிட்டது, சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் பூட்டு, அதனால் பாலும் முட்டையும் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். சரி, அதை விடு. "எலிக்கு மூக்கு பார்க்கவா ஜெர்மனி போனா?" என்று மாமா சிரித்தாராமே. அவருக்கும் இதைப் படித்துக் காட்டு.

எலிக்குஞ்சு பிறக்கும்போது கண் மூடியிருக்கும், காதும் கேட்காது. கண் திறக்கவே இரண்டு வாரம் பக்கம் ஆகும். அதுவரை தாயின் முலைக்காம்பைக் கண்டுபிடிப்பது மூக்கை வைத்துத்தான், மோப்பம் இல்லாத குஞ்சு பெரும்பாலும் பால் குடிக்காமலே செத்துவிடும். அதனால்தான் மூளையில் வாசனைக்கான இணைப்புகள் எப்படி உருவாகின்றன என்று பார்க்க இந்தக் குஞ்சுகளை எடுத்துக்கொள்கிறோம்.

சுண்டெலி மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 1000 வகை, நமக்கு 400 பக்கம்தான். இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991-ல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மூக்கிலுள்ள ஒரு நரம்பு செல் ஒரே ஒரு வகை ஏற்பியைத்தான் வைத்துக்கொள்ளும். ஒரே வகை செல்கள் மூக்குக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் மூளையின் முன்பக்கத்தில் வாசனைக்கென்றே இருக்கும் குமிழில் ஒன்றிரண்டு புள்ளிகளில் வந்து சேர்ந்துவிடுகின்றன. கிடங்கில் நீ ஏலக்காயைச் சலித்து ஏழு மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் என்று தனித்தனிச் சாக்கில் போடுவாயே, அந்த மாதிரி. என்ன, இங்கே சலிக்க ஆள் கிடையாது. இழை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் அந்த ஏற்பிக்கே ஒரு பங்கு இருக்கிறது.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். குமிழில் செய்தியை வாங்கும் செல் முதலில் பல புள்ளிகளுக்குக் கிளை நீட்டும். பிறந்து ஒரு வாரம், பத்து நாளுக்குள் ஒரே ஒரு கிளையை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வீண் செலவு மாதிரித்தான் தெரியும், ஆனால் பச்சையாக ஒளிரும்படி செய்த செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வராது. பிறந்தவுடன் ஒரு மூக்குத் துளையை அடைத்துவிட்டால் அந்தப் பக்கக் குமிழ் சிறுத்துப்போகும் என்பதும் தெரிந்ததுதான். அந்தச் சோதனையைச் செய்ய எனக்கு விருப்பமில்லை, இதுவரை யாரும் செய்யச் சொல்லவும் இல்லை.

மனிதக் குழந்தைக்கும் வயிற்றுக்குள் இருக்கும்போதே மோப்பம் வந்துவிடுகிறது. தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டுப் பார்த்தபோது, பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை கழுவாத பக்கமே போயின, 1994-ல் வந்த ஆய்வு. அதனால் தை மாசம் உனக்குப் பிரசவம் ஆனதும், பால் கொடுக்கும் முன்னால் வாசனை சோப்பு, பவுடர் எதுவும் வேண்டாம் என்று நான் சொன்னதாக அம்மாவிடம் சொல். அம்மா கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்லிவை.

அத்தை இன்னும் பூப்பாறைக்கு ஜீப் ஏறிப் போகிறாளா? போடிமெட்டுப் பாதையில் மழை எப்படி, காய் என்ன விலைக்குப் போகிறது, எல்லாம் அப்பாவிடம் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் தங்கச்சி