ஆலோசகர்கள் பேச ஓர் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

2017 ஒக்கி புயலுக்குப் பிறகு நம் குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் அப்பாவை இழந்த பிள்ளைகளிடம் பேச மனநல ஆலோசகர்கள் போனார்கள். கேட்டதையெல்லாம் அவர்கள் யாரிடம் இறக்கி வைத்தார்கள்?

போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) வழக்கில் வந்த சிறுமி, ஆலோசகர் முன் கைப்பொம்மையை வைத்து நடந்ததைக் காட்டுகிறாள். அவள் வெளியே போனதும் அடுத்த பிள்ளை வந்து உட்கார்ந்துவிடும். அனுபவமுள்ள மூத்த உளவியலாளர் ஒருவர் அந்த ஆலோசகரிடம், குழந்தையின் பெயரைக் கேட்காமலே விவரம் கேட்டு, 'ஏன் அப்படிச் செய்தீர்கள், அடுத்து என்ன?' என்று விசாரிக்க வேண்டும். ஆலோசகரின் கோபமோ இரக்கமோ, அவருக்கே தெரியாமல் பிள்ளை மீது ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மருத்துவ உளவியல் படிக்கும்போது இந்த மேற்பார்வை கட்டாயம். வேலைக்கு வந்தபின் நடக்கும் ஆய்வோ, பதிவேட்டில் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு சரி.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு மதியம் இதற்கு ஒதுக்கலாம். குலசேகரத்திலிருந்து வர முடியாதவர் வீடியோ காலில் சேரட்டும். அதைப் பணி நேரமாகவே கணக்கிட வேண்டும்; விடுமுறை நாளில் சொந்தச் செலவில் வரச் சொன்னால் யார் வருவார்கள்?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை