வட்டத்தின் நடுவே சிவப்பு இருந்திருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், 1944-ல் பெங்களூரில் எடுத்த பிரிட்டிஷ் போர் விமானப் படத்தைக் கம்ப்யூட்டரில் வண்ணமேற்றி அட்டையில் போட்டிருந்தீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் இறக்கையில் உள்ள வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு பூசியது தவறு. ஜப்பான் விமானங்களின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, இந்தியா, பர்மா பக்கம் பறந்த விமானங்களில் 1943-லேயே சிவப்பை எடுத்துவிட்டார்கள். கருநீல வட்டம், நடுவில் வெளிர்நீலம் என்று மாறியது.

கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ நடத்தியவன் நான். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கிடையாது, அடர்த்திதான் உண்டு. அதுவும் பிலிமுக்குப் பிலிம் மாறும். பழைய ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் டார்க்ரூமில் சிவப்பு விளக்கு எரிய அதைக் கழுவ முடிந்தது. அதில் எடுத்த கல்யாணப் படங்களில் குங்குமம் கரிப்பொட்டாக விழுந்திருக்கும். பயிற்சி விமானத்தின் மஞ்சள்கூட ஆர்த்தோவில் இருண்டுவிடும், நீலம் வெளுத்துவிடும். சிவப்பு உட்பட எல்லா நிறமும் பதிகிற பான் பிலிமில் அதே மஞ்சள் ஏறக்குறைய வெள்ளை.

உள்பக்கத்தில் சிறிதாகப் போட்டிருந்த மூலப் படத்தைப் பாருங்கள். நடுவட்டம் வெளிறி, சுற்று கறுத்திருக்கிறது. ஆர்த்தோ என்றால் சிவப்பு கறுத்திருக்க வேண்டும். பான் என்றாலும், லென்ஸில் சிவப்பு பில்டர் போட்டாலொழிய இவ்வளவு வெளுக்காது. கம்ப்யூட்டர் இதையெல்லாம் யோசிப்பதில்லை, பழகிய படங்களை வைத்து ஊகிக்கிறது.

சரியான சாயலே வேண்டுமென்றால் படம் போதாது, விமானத்தின் தகடு வேண்டும். வெயில் படாத இடத்தில், பெயர்த்தகட்டுக்கு அடியில், நைஸ் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாக வெளிவரும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 1940-ல் தொடங்கிய பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருந்தால், அவர்கள் வீட்டுப் பழைய நெகடிவ்களைத் தூக்கிப் போட வேண்டாம். படத்தின் பின்பக்கம் எழுதியிருக்கும் தேதியும் இடமும் தெரியாதபடி லேமினேட் செய்துவிடவும் வேண்டாம். நீங்களும் இனி வண்ணமேற்றிய படம் போட்டால் மூலத்தையும் அதே அளவில் பக்கத்திலேயே போட்டு, ‘வண்ணம் ஊகம்’ என்று ஒரு வரி சேருங்கள்.

– ஒரு பழைய ஸ்டுடியோக்காரர், கிருஷ்ணகிரி