குன்னூரில் எங்கள் புல்தரையைக் கைவிடாதவர்களுக்கு

மேல்தெரு, கீழ்த்தெரு, லைன் வீடுகள் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடி வந்தவர்களுக்குத் தோட்டப் பராமரிப்புக் குழுவின் வணக்கம்.

காட்டுப்பன்றிகள் புல்தரையைக் கிளறிப் புரட்டிவிட்டுப் போனதை நீங்களே பார்த்தீர்கள். அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. இன்று காலை, பதித்த புல்லைக் கைப்பிடியாகப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். வரவில்லை. புதுவேர் இறங்கிவிட்டது. இந்த நிம்மதியின் சூடு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில், பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) வந்த உருளைக்கிழங்கு விவசாயி ஐயாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கிளறிக் கிடந்த இடத்தைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருக்க, அவர் பன்றி வாயே வைக்காத பச்சைப் பக்கமாகப் போய்க் குந்தினார். இடுப்புக் கத்தியை எடுத்து ஒரு சதுர அடி அளவுக்கு மூன்று பக்கம் மட்டும் கீறினார். ஆழம் நான்கு விரற்கடை. நான்காவது பக்கத்தை விட்டுவைத்து, பாய் சுருட்டுவதுபோலப் புல்லை மடக்கினார். அடியில் வேரே இல்லை. உடல் வெள்ளை, தலை மட்டும் செம்பழுப்பு, ஆறு கால்களோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தன வேர்ப்புழுக்கள். பொறுக்கி உள்ளங்கையில் வைத்து எண்ணிக் காட்டினார். "பன்னிக்கு உங்க புல் எதுக்குங்க? இதுக்குத்தான் வருது. எங்க கிழங்கைக் குடையறதும் இதே புழுதான்." பிறகு மடக்கியதை மூடி, குதிகாலால் அமுக்கி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அடுத்த சதுரத்துக்கு நகர்ந்தார்.

அந்தச் செம்புத் தண்ணீரில்தான் பாதிப் பாடம் இருந்தது. பெயர்ந்த புல் வெயிலில் ஒரு பகல் கிடந்தால் வேர்முடிகள் காய்ந்துவிடும், அப்புறம் எத்தனை தண்ணீர் விட்டாலும் மஞ்சள்தான். அன்றே திருப்பிப் போட முடியாவிட்டால் வேர்ப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டும்படி அடுக்கி, நனைந்த சாக்குப் போட்டு நிழலில் வைக்க வேண்டும். பதிக்கும்போது அடிமண்ணை இரண்டு அங்குலம் கொத்திப் பொலபொலப்பாக்கி, கட்டியை உடைத்து, புழுவைப் பொறுக்கிவிட்டுப் பதிக்க வேண்டும். சந்துகளில் சலித்த மண்ணும் மணலும் மக்கிய உரமும் கலந்து நிரப்ப வேண்டும். சந்தை அப்படியே விட்டால் ஓரம் காய்ந்து சுருண்டுகொள்ளும். வேர் பிடிக்கும்வரை புல்வெட்டும் இயந்திரம் உள்ளே வரவே கூடாது.

எத்தனை புழு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டோம். தரை முழுக்க எட்டுப் பத்து இடங்களில் வெட்டிப் பார்க்கச் சொன்னார். சதுர அடிக்கு ஐந்துக்குள் இருந்தால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும். பத்தைத் தொட்டால் வைத்தியம் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் பன்றிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, மூன்று இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடும். மழை பெய்து மண் இளகி, புழு மேலேறி வரும் நாட்களில்தான் தொல்லை அதிகம் என்பதற்கும் காரணம் இதுவே.

வெட்டிப் பார்த்ததில் இன்னொன்றும் வெளிப்பட்டது. விளக்குக் கம்பங்களைச் சுற்றித்தான் புழு மிக அதிகம். கோடைமழை விழுந்ததும் அந்தி நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் பழுப்பு வண்டுகள் வெளிச்சத்தைத் தேடி வருகின்றன. அங்கேயே முட்டையும் இடுகின்றன. அதனால் வண்டுப் பருவத்தில் புல்தரை விளக்குகளை அணைத்துவிட்டு, தள்ளி ஓர் ஓரத்தில் ஒரே ஒரு பல்பு. அதன் கீழே அகலமான தொட்டியில் தண்ணீர், மேலாகக் கொஞ்சம் மண்ணெண்ணெய். இருட்டியதிலிருந்து ஒன்பது மணிவரை எரிந்தால் போதும், விடியவிடிய எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து விழும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் போனவர், சாயங்காலம் ஜீப்பில் இரண்டு மூட்டைகளோடு திரும்பி வந்தார். தன் தோட்டத்துக்கென்று தயார் செய்து வைத்திருந்த தொழு உரம்! 100 கிலோ மக்கிய எருவுக்கு 2 கிலோ மெட்டாரைசியம் (புழுவைக் கொல்லும் பூஞ்சாணம்) பொடி என்று கலந்து, ஈரச் சாக்குப் போட்டு நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் பெருக்கியது. காசு என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை. இதைத் தூவ மாலைதான் நேரம், சுள்ளென்ற வெயில் பட்டால் வித்துகள் செத்துவிடும். தூவும் முன்பும் பின்பும் தரை நனைந்திருக்க வேண்டும். பூஞ்சாணக்கொல்லி எதையும் அதே சமயத்தில் தெளித்துவிடக் கூடாது. மறுநாளே புழு சாகும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான், வாரக்கணக்கில் ஆகும். செத்த புழு முதலில் விறைத்து வெள்ளை பூக்கும், பிறகு பாசிப்பச்சையாக மாறும். சின்னப் புழுவாக இருக்கும்போதுதான் நன்றாகப் பிடிக்கும் என்பதால் ஜூன் முதல் செப்டம்பர்வரை இடுவது உத்தமம். டிசம்பர் குளிரில் புழுவும் ஆழம் போய்விடும், பூஞ்சாணமும் சோம்பிவிடும்.

போரேட் குருணை போட்டால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்று சிலர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னீர்கள். அது 2020 இறுதியோடு நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட மருந்து. குழந்தைகள் உருண்டு விளையாடும் தரையில், மண்புழுவும் அதைக் கொத்தும் பறவையும் சேர்ந்து சாகும் நஞ்சு நமக்கு வேண்டாம்.

அவுட்டுக்காய் வைக்கலாம், சுருக்குக் கம்பி கட்டலாம் என்றவர்களுக்கும் மரியாதையோடு ஒரு மறுப்பு. பழத்துக்குள் வைத்த வெடி பன்றிக்காகவே காத்திருக்காது. மாட்டின் வாயும் யானையின் வாயும் அதில் சிதைந்திருக்கின்றன. பன்றிக்குக் கட்டிய சுருக்கில் சிறுத்தை மாட்டி உயிர்விட்ட கதை இந்த மலைக்குப் புதிதல்ல. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டுமே குற்றம். 2025-இல் வந்த அரசாணைகூட, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் பன்றியைச் சுட இடம் தருகிறது, அதுவும் வனத்துறையினருக்கு மட்டும். காட்டை ஒட்டிய நம் தெருக்களுக்கு அது பொருந்தாது.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் ஒரே மூச்சில் எங்கள் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள். இரவு ரோந்தில் நம் தெருவையும் சேர்த்துக்கொண்ட வனக்காப்பாளர்களுக்கு. பள்ளி மைதானத்து ரோலரைத் தந்தவர்களுக்கு. முகாம் போட்டதுபோல உட்கார்ந்து புழு பொறுக்கிய பிள்ளைகளுக்கு. வேலியோரத்து உண்ணிப் புதரை வெட்டிப் பன்றிகளின் பகல் மறைவிடத்தை ஒழித்த தம்பிகளுக்கு. பேரி மரத்தடியில் விழுந்த பழங்களைத் தினமும் கூட்டி அள்ளும் அக்காவுக்கு. பன்றியை விரட்டச் சலூன் அண்ணன் மூட்டை மூட்டையாக முடி கொடுத்தார். பன்றிகள் சில நாள் தயங்கிவிட்டு, பிறகு அதை மிதித்துக்கொண்டே வந்தன. அண்ணனுக்கும் நன்றி.

காட்டெருமை மிதித்த குழிகளை ரோலர் உருட்டிச் சரிசெய்ய வேண்டாம் என்று தடுத்த டீ எஸ்டேட் மேஸ்திரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரமண்ணில் ரோலர் ஏறினால் சுற்றியிருக்கும் மண்ணும் இறுகி, தண்ணீர் தேங்கும். குழிக்குப் பக்கத்தில் மண் கிளறும் முள்கரண்டியைச் செருகி மண்ணை மேலே நெம்பி, மிச்சப் பள்ளத்தை மட்டும் மணல் கலவையால் நிரப்பச் சொன்னார். அப்படியே செய்தோம், தெரியவே இல்லை.

சூரியசக்தி வேலிக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் கூலி வாங்கவில்லை. தரையிலிருந்து 20, 40, 60 சென்டிமீட்டரில் மூன்று கம்பிகள். பன்றி மூக்கால்தான் முட்டும் என்பதால் கீழ்க்கம்பிதான் உயிர். அதில் புல் தொட்டால் மின்சாரம் அத்தனையும் மண்ணுக்குப் போய்விடும், ஆகவே வேலியடியைச் செதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வறட்சியில் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றாவிட்டால் அதிர்ச்சி இராது. காப்புக்காட்டை ஒட்டி மின்வேலி போட 2023-இல் வந்த விதிகளின்படி வனத்துறை அனுமதி கட்டாயம், வாங்கியிருக்கிறோம். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம்.

இனி ஒவ்வொரு கோடைமழைக்கும் வண்டுத் தொட்டி வைப்போம். ஆகஸ்டில் கத்தியோடு இறங்கிச் சதுரம் வெட்டி எண்ணுவோம். ஐயாவின் தோட்டத்தில் கிழங்கு எடுக்கும் நாளில் எங்கள் குழுவில் கை இருக்கிறவர்கள் எல்லோரும் அங்கே இருப்போம்; அவர் வேண்டாம் என்றாலும்.

பதித்ததுபோக மிஞ்சிய கிக்குயூ புல் பின்வாசல் நிழலில் ஈரச்சாக்கில் இருக்கிறது. இன்றும் நாளையும்தான் தாங்கும். வேண்டியவர்கள் எடுத்துப் போய் அரையடிக்கு ஒன்றாக ஊன்றிக்கொள்ளலாம். ஓடைக்கரையிலும் சோலையோரத்திலும் மட்டும் நட்டுவிடாதீர்கள், அங்கே அது யாருக்கும் அடங்காது. சாக்கு ஐயாவுடையது, திருப்பித் தந்துவிடுங்கள்.